லயத்து வீடுகளை சைட்டாக எடுத்து ஸ்டூடியோ புராஜெக்ட் செய்வது எப்படி

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டத்துப் பட்டணத்தை சைட்டாக எடுக்கும் கட்டடக்கலை மாணவர்கள் அநேகமாக ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள். சைட்டில் கால் வைப்பதற்கு முன்பே கான்செப்ட் தயாராகிவிடுகிறது. பால் மரத்தில் (ரப்பர் மரத்தில்) வெட்டிய சாய்கோடு கூரையாகிறது, ரப்பர் இலை பிளானாகிறது, கோலம் முகப்பில் ஓட்டை ஓட்டையாக வந்து உட்காருகிறது. போர்டில் மாட்டினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். "இந்தக் கோட்டை எடுத்துவிட்டால் எந்தச் சுவர் நகரும்?" என்று யாராவது கேட்டால்தான் பதில் வராது.

இங்கே சொல்லப்போவது தலைகீழ் வழி. முதலில் அளவு, பிறகு கருத்து. ஒரு லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, ஒழுங்காக அளந்து முடித்தால் புராஜெக்டுக்கு வேண்டிய கருத்து அந்தத் தாளிலேயே கிடக்கும்.

சைட்டைத் தேர்ந்தெடுப்பதும் உள்ளே போவதும்

பெஸ்தாரி ஜெயாவைப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். அதை ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தைப் போட்டார். இந்த வரலாற்றை ஒரு பத்தி எழுதி போர்டின் மூலையில் ஒட்டுவதால் ஒரு பயனும் இல்லை. பயன் வேறு இடத்தில் இருக்கிறது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட இடங்களில் லயம் பழையது, சுற்றியிருக்கும் நிழலும் காற்றும் புதியவை. ரப்பர்க் காலத்தில் எந்தப் பக்கம் திறந்திருந்தது, இப்போது எந்தப் பக்கம் செம்பனை வந்து அடைத்திருக்கிறது என்பதை சைட் பிளானில் காட்டினால் வரலாறு தானாக வேலை செய்யும்.

செம்பனை இன்னொரு உதவியும் செய்கிறது. மேலிருந்து எடுத்த படத்தை இணையத்தில் பிடித்து பிரிண்ட் போடும்போது அளவுவிகிதம் கெட்டுவிடுவது வழக்கம். செம்பனையைப் பெரும்பாலும் 9 மீட்டர் இடைவெளியில் முக்கோணமாக நடுவார்கள். அப்படி நட்டால் வரிசைக்கும் வரிசைக்கும் இடையில் 7.8 மீட்டர் வரும். படத்தில் ஒரு வரிசையில் 11 மரத்தை எண்ணினால் 10 இடைவெளி, 90 மீட்டர். மண்ணைப் பொறுத்து நடவு கொஞ்சம் மாறும் என்பதால், சைட்டில் ஒரு வரிசையை மட்டும் நாடா பிடித்து அளந்துவிட்டு இந்தக் கணக்கை நம்புங்கள்.

அனுமதி இரண்டு அடுக்கு. துறையிலிருந்து தோட்ட மேனேஜருக்குக் கடிதம்: யார் யார் வருகிறார்கள், எந்தத் தேதி, எதை அளக்கப்போகிறார்கள், படம் எடுப்பார்களா இல்லையா என்று தெளிவாக இருக்க வேண்டும். அது கிடைத்தாலும் வீட்டுக்குள் போகும் உரிமை கிடைத்துவிடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "அக்கா, வாசலை மட்டும் அளந்துக்கலாமா?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். வாசலில் தொடங்கினால் உள்ளறைக்கு அவர்களே கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டால் அந்த அறையை வெற்றிடமாக விட்டு, பக்கத்து வீட்டு அளவை வைத்து ஊகித்ததாகக் குறித்துவிடுங்கள். சாமி மேடை, படுக்கை, துணி இவற்றைப் படம் எடுக்க வேண்டாம், கையால் வரைந்துகொள்ளலாம். வேலை நாளில் விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போனவர்கள் திரும்பும்வரை பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். அவர்கள் திரும்பிக் குளித்துச் சாப்பிடும் நேரத்தில் போய் நாடாவை நீட்டினால் முகம் சுளிப்பார்கள், அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலைதான் தோதானது.

இன்னொன்றையும் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். லயம் தோட்ட நிர்வாகத்தின் சொத்து. பணியாளர் வீட்டு வசதிக்கென 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446, இருக்கிறது. வீடு வேலையோடு சேர்ந்து வருவது. வேலை முடிந்தால் வீடும் போகலாம். மூன்று தலைமுறையாக ஒரே கதவில் (லயத்தில் ஒரு வீட்டை ஒரு கதவு என்பார்கள்) குடியிருக்கும் குடும்பத்துக்கும் நிலம் சொந்தமில்லை. இது தெரியாமல் "இம்மக்களுக்கான நிரந்தர சமூக மையம்" என்று தலைப்புப் போடுகிறவர்கள்தான் அதிகம். யாருக்காக, எத்தனை வருடத்துக்கு, இடம் கைமாறினால் கழற்றி எடுத்துப்போக முடியுமா என்ற கேள்விகள் இங்கே வெறும் சமூகவியல் அல்ல. கான்கிரீட் அடித்தளம் ஊற்றுவதா, போல்ட் போட்ட மரச்சட்டத்தைத் தனித்தனிப் பாதங்களில் நிறுத்துவதா என்பதை இவைதான் முடிவு செய்கின்றன.

அளவெடுப்பு

மூன்று பேர் வேண்டும். ஒருவர் பூஜ்யத்தைப் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத. எழுதுகிறவர் எண்ணைத் திரும்ப உரக்கச் சொல்ல வேண்டும். "மூணு அறுநூத்தி அறுபது" என்று படித்ததை "மூணு அறுநூத்தி பதினாறு" என்று காதில் வாங்குவது எல்லா அணியிலும் நடப்பதுதான்.

கையில் இருக்க வேண்டியவை: 30 மீட்டர் நாடா, 5 மீட்டர் நாடா இரண்டு, தூக்குக்குண்டு, சாக்பீஸ், ஏ3 கிராஃப் தாள், கிளிப் போர்டு, பென்சில், பத்து மீட்டர் தெளிவான பிளாஸ்டிக் குழாய், குடை. லேசர் அளவி இருந்தால் உள்ளறைக்கு நல்லது. வெளியே வெயிலில் அதன் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது; கம்பத்தில் பட்டதா, பின்னால் இருக்கும் மரத்தில் பட்டதா என்று தெரியாமலே ஒரு எண்ணைக் காட்டும். மறுமுனையில் ஒரு வெள்ளை அட்டையை நிழலாகப் பிடித்தால் சமாளிக்கலாம்.

நீள அளவுகளைத் தனித்தனியாக எடுக்காதீர்கள். கதவிலிருந்து கதவு, கதவிலிருந்து ஜன்னல் என்று துண்டு துண்டாக அளந்தால் ஒவ்வொன்றிலும் 5 மி.மீ. தவறு சேர்ந்து, பன்னிரண்டாவது துண்டில் 60 மி.மீ. பிழையாக நிற்கும். நீள நாடாவை லயத்தின் ஒரு மூலையில் பூஜ்யமாக வைத்து மறு மூலைவரை இழுத்துத் தரையோடு நிறுத்திவிட்டு, கதவு விளிம்பு, தூண் விளிம்பு, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் அந்த ஒரே ஓட்டத்தில் படித்து எழுதுங்கள். நாடா தொய்ந்தால் அளவு கூடும்; தரையில் கிடத்துவதுதான் பாதுகாப்பு.

ஒவ்வொரு அறைக்கும் நான்கு பக்கமும் இரண்டு குறுக்களவும் எடுக்க வேண்டும். பழைய கட்டடங்கள் அடிக்கணக்கில் கட்டியவை. 3050 என்று வந்தால் 10 அடி, 3660 என்றால் 12 அடி. 10-க்கு 12 அடி அறை நேராக இருந்தால் இரண்டு குறுக்களவும் 4.76 மீட்டர் காட்டும். ஒன்று 4.80, மற்றது 4.72 என்று வந்தால் அறை கோணல். கோணலாகவே வரையுங்கள். கணினியில் எல்லாவற்றையும் செங்கோணமாக நிமிர்த்திவிட்டு, கடைசிக் கதவில் 150 மி.மீ. எங்கே போனது என்று தேடிக்கொண்டிருக்கும் மாணவர்களை ஒவ்வொரு செமஸ்டரும் பார்க்கலாம்.

கூரைமேல் ஏறவே கூடாது. துருப்பிடித்த தகரம் தாங்காது. நெளிவுள்ள சாம்பல் நிற சிமெண்டு ஷீட் என்றால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அதை மிதிப்பது, துளைப்பது, உடைந்த துண்டைப் பையில் போட்டு எடுத்துவருவது எதுவும் வேண்டாம். கூரையின் அகலத்தைக் கீழே நின்றே எண்ணிவிடலாம். பழைய தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்த நெளிவுக்கும் 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. வழக்கம். கை எட்டும் இடத்தில் பத்து நெளிவை அளந்து உறுதிசெய்துகொண்டு, மற்றதைப் படத்தில் எண்ணிப் பெருக்குங்கள். முகட்டின் உயரத்துக்கு, பக்கவாட்டுச் சுவரை நேர் எதிரே நின்று, 2 மீட்டர் குச்சி ஒன்றைச் சுவரோடு சாத்தி வைத்துப் படம் எடுத்தால் போதும்.

தரை மட்டத்துக்குத்தான் அந்தப் பிளாஸ்டிக் குழாய். தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்தால் நீர்மட்டம் இரு பக்கமும் சமமாக நிற்கும். அங்கிருந்து கீழே தரைவரை அளந்தால் எது எவ்வளவு தாழ்வு என்று தெரிந்துவிடும். குழாயில் ஒரு காற்றுக் குமிழி தங்கியிருந்தாலும் கணக்கு தப்பும். நிரப்பியதும் இரு முனையையும் சேர்த்துப் பிடித்து, மட்டம் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வாசல் தரை, உள்ளறை, பின்கட்டுச் சமையலறை, பின்பக்க லோங்காங்கின் (வடிகாலின்) அடிமட்டம், எதிரே இருக்கும் பாதை ஆகிய ஐந்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும். வெள்ளம் வந்த ஊரில் சுவரில் கறைக்கோடு இருக்கும். இல்லாவிட்டால் வீட்டிலுள்ள பெரியவரைக் கேளுங்கள். "இடுப்பளவு" என்று பதில் வந்தால், "எந்த ஆணி வரைக்கும் ஐயா?" என்று கேட்டு அந்த ஆணியை அளந்துகொள்ளுங்கள்.

மண்ணையும் இதே சுற்றில் பார்த்துவிடலாம். பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிப் பழைய ஈயக் குட்டைகளும், ராஜா மூசா பக்கம் கரிச்சதுப்பும் உண்டு. சுவருக்கும் வெளித் தரைக்கும் நடுவே விரல் நுழையும் பிளவு, படிக்கட்டின் அடியில் வெற்றிடம், ஒரு பக்கமாகச் சாய்ந்த மின்கம்பம் ஆகியவை மண் இறங்குவதன் அடையாளம். ஒவ்வொன்றையும் பிளானில் ஓர் எழுத்துக் குறி போட்டுக் காட்டுங்கள். புதுக் கட்டடத்தைப் பழையதோடு இறுக்கிக் கட்டினால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் இறங்கி, சேரும் இடத்தில் வெடிப்பு விடும். அங்கே 25 மி.மீ. இடைவெளி விட்டு மேலே தகட்டால் மூட வேண்டும் என்ற முடிவு இந்தப் பிளவுகளைப் பார்த்தவுடனே வந்துவிடும்.

சாமான்களின் பிளான்

சுவர்களை வரைந்து முடித்ததும் பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள். லயத்தில் சுவரைவிடச் சாமான்தான் அதிகம் பேசும். 1:50 அளவில் ஒரு பிளானை எடுத்து, வாசலில் இருப்பதை எல்லாம் இருக்கும் இடத்திலேயே வரையுங்கள்: மோட்டார் சைக்கிள், செருப்புகள், துணிக்கொடி, தண்ணீர்த் தோம்பு, பிளாஸ்டிக் நாற்காலி, துளசித் தொட்டி, கேஸ் தோம்பு. காலை, மதியம், மாலை என்று மூன்று நேரத்துக்கு மூன்று தாள்.

ஒரு வாசலை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். அஞ்சடி, அதாவது வீட்டு முன்னால் கூரைக்குக் கீழ் ஓடும் நடை, 1.5 மீட்டர் அகலம் என்று வையுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் மடக்கி உட்காருகிறவருக்கு 600 மி.மீ. போகும், மீதி 900-இல் ஒருவர் தாராளமாக நடந்துபோகலாம். உட்காருகிறவர்கள் கால் நீட்டினால் நடக்கிறவர் வெளியே இறங்கியாக வேண்டும். அங்கே செம்மண்ணில் தேய்ந்த ஒரு தடம் இருக்கும். அந்தத் தடத்தின் அகலத்தையும் சுவரிலிருந்து அதன் தூரத்தையும் அளந்தால், இந்த லயத்துக்கு அஞ்சடி எவ்வளவு அகலம் வேண்டியிருந்தது என்று குடியிருப்பவர்களே கால்களால் எழுதிவைத்திருப்பது தெரியும். மோட்டார் சைக்கிள் 2 மீட்டர் நீளம், 0.8 அகலம். அதை மழைக்கு உள்ளே ஏற்றும் வீட்டில் வாசற்படியில் ஒரு பலகைச் சாய்வு இருக்கும். அதன் சரிவையும் அளந்துகொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்கு வேண்டிய 1:12 சரிவோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு செங்குத்து என்பது புரியும்.

கோயில் திருவிழா பாதையையும் இதே தாளில் சேர்க்க வேண்டும். முனியாண்டி கோயிலோ மாரியம்மன் கோயிலோ, ஊர்வலம் எந்த லயத்தின் முன்னால் வரும், ரதம் எவ்வளவு உயரம், எந்த மின்கம்பியைத் தூக்கிப் பிடிப்பார்கள் என்று கேளுங்கள். புதுக் கூரை ஒன்றை அந்தப் பாதையின் குறுக்கே நீட்டிவிட்டு நிற்க வேண்டாம்.

வெயிலும் மழையும்: கணக்கு

மாணவர்கள் நிழல் விழும் வரைபடம் போடும்போது கணினியில் பகல் 12 மணி என்று வைத்துவிடுகிறார்கள். மலேசிய நேரம் 120 பாகை தீர்க்கரேகையை ஒட்டியது. பெஸ்தாரி ஜெயா இருப்பது ஏறக்குறைய 101.4 பாகையில். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 1.15-க்கு. நவம்பர் தொடக்கத்தில் ஒரு மணிக்குச் சற்று முன்பும், பிப்ரவரியில் 1.28 வாக்கிலும் வரும். இடத்தையும் நேர வலயத்தையும் சரியாகக் கொடுத்தால் கணினி தானே கணக்கிடும், கொடுக்காவிட்டால் மாலை வெயில் முழுவதும் ஒன்றேகால் மணி நேரம் பிசகும்.

அட்சரேகை 3.4 பாகை வடக்கு. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சி வெயில் நேர் தலைமேல். ஜூன் மாதம் உச்சியில் சூரியன் வடக்குப் பக்கம் 70 பாகை உயரத்தில் நிற்கும், டிசம்பரில் தெற்குப் பக்கம் 63 பாகை. இதிலிருந்து இறவாரம் எவ்வளவு என்று நேராகக் கணக்கிடலாம். 2.4 மீட்டர் உயரச் சுவரை உச்சி வெயிலில் முழுக்க நிழலில் வைக்க வடக்கில் சுமார் 0.9 மீட்டர், தெற்கில் 1.2 மீட்டர். மேற்கில்? மார்ச் மாதம் மாலை 5 மணிக்குச் சூரியன் 35 பாகையில் இருக்கும், அதே சுவருக்கு மூன்றரை மீட்டர் இறவாரம் வேண்டும். 6 மணிக்கு இன்னும் தாழ்ந்துவிடும். ஆக, மேற்கு வெயிலை இறவாரத்தால் பிடிக்க நினைப்பது வீண். அங்கே தட்டியோ மரமோ வேண்டும், இல்லாவிட்டால் மனிதர்கள் அதிகம் தங்காத அறையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். சுபாங் ஜெயாவில் கட்டடக்கலைஞர் கென் யாங் வடிவமைத்து 1995-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்ற மெனாரா மெசினியாகாவில் லிஃப்ட், படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் வெயில் தாக்கும் கிழக்குப் பக்கத்தில் அடுக்கியிருப்பதும் இந்தக் கணக்குத்தான். கோபுரத்துக்குப் பொருந்தியது நாலு கதவு லயத்துக்கும் பொருந்தும்: ஸ்டோரும் குளியலறையும் வெயில் பக்கம் போகட்டும்.

மழைக்கு வருவோம். 29 மீட்டர் நீள லயத்தில் ஒரு பக்கச் சாய்வு 4 மீட்டர் என்றால் 116 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. பெய்தால் 5,800 லிட்டர் அந்த ஒரு விளிம்பில் இறங்கும். பல லயங்களில் கூரை நீரைப் பிடிக்கும் தூம்பு கிடையாது. கூரை விளிம்புக்கு நேர் கீழே லோங்காங் ஓடும், தண்ணீர் நேராக அதில் விழும். மாணவர் "நிழல் போதவில்லை" என்று கூரையை 600 மி.மீ. நீட்டுகிறார். இப்போது தண்ணீர் லோங்காங்கைத் தாண்டிப் பாதையில் விழுகிறது, அங்கிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வாசலுக்கே திரும்புகிறது. கூரை விளிம்பை நகர்த்தினால் லோங்காங்கும் நகர வேண்டும், அல்லது தூம்பு போட வேண்டும். தூம்பு போட்டால் அதை யார் ஏறிச் சுத்தம் செய்வது என்ற கேள்விக்கும் பதில் வேண்டும்.

தற்போதைய கூரை சரியாக வேலை செய்கிறதா என்று சுவரே சொல்லும். அடிச்சுவரில் செம்மண் தெறித்த கறை எவ்வளவு உயரம் என்று ஒவ்வொரு 3 மீட்டருக்கும் ஓர் அளவு எடுத்து, முகப்பு வரைபடத்தில் கோடாக இணையுங்கள். கறை திடீரென்று உயரும் இடத்தில் தகரம் ஒழுகுகிறது, இல்லையென்றால் லோங்காங் அடைத்திருக்கிறது.

கருத்தை ஒரு வாக்கியமாக்குவது

இப்போது தாள்களை எல்லாம் தரையில் பரப்பி, எந்த இரண்டு அளவு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று தேடுங்கள். அஞ்சடி 1.5, தேய்ந்த தடம் அதற்கு அப்பால். அறை 3.05 ஆழம், டியூஷன் படிக்கும் பிள்ளைகள் வாசல் விளக்கின் கீழ். சமையலறை தாழ்ந்த கூரையின் கீழ், விருந்துச் சமையல் வெட்டவெளியில். இந்த மாதிரிப் பொருந்தாமையில்தான் புராஜெக்ட் இருக்கிறது.

கருத்து வாக்கியத்தில் ஓர் அளவும் ஒரு செயலும் இருக்க வேண்டும், அது தவறாகவும் முடியக்கூடியதாக இருக்க வேண்டும். "இணைப்பும் நினைவும்" என்றால் யாரும் மறுக்க முடியாது. அதனாலேயே அது பயன்படாது. "அஞ்சடியை 1.5-லிருந்து 2.7 மீட்டருக்கு அகலமாக்கினால், இப்போது நடைபாதையில் நடக்கும் படிப்பும் பேச்சும் ஒன்றை ஒன்று தடுக்காமல் ஒரே கூரைக்குக் கீழ் நடக்கும்" என்பதை மறுக்கலாம், வரைந்து சோதிக்கலாம், 2.7 போதாது என்று கண்டுபிடிக்கலாம். வாக்கியம் எழுதியதும் அதை நீக்கிவிட்டுப் பிளானைப் பாருங்கள். ஒரு சுவரும் நகரவில்லை என்றால் அது தலைப்பு, கருத்தல்ல.

முன்னுதாரணக் கட்டடங்களைப் படமாக ஒட்டாதீர்கள். பாங்கியில் கட்டடக்கலைஞர் ஜிம்மி லிம்மின் சாலிங்கர் வீடு 1998-இல் ஆகா கான் விருது பெற்ற மரவீடு. அதன் வெட்டுத்தோற்றத்தை (கட்டடத்தை நெடுக வெட்டிப் பார்ப்பதுபோன்ற வரைபடத்தை) உங்கள் லயத்தின் வெட்டுத்தோற்றத்தோடு ஒரே அளவில் அடுத்தடுத்து வரைந்து பாருங்கள். கூரை எவ்வளவு உயரம், நிழல் எவ்வளவு ஆழம் என்ற வித்தியாசம் அப்போதுதான் கண்ணில் படும். பத்துப் படத்தைவிட இப்படி ஒன்று போதும்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

எட்டுக் கதவு லயம், கதவுக்கு 12 அடி. நடுவில் நாலு கதவு காலி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பறையும், பின்னால் விருந்துச் சமையல் கொட்டகையும் என்பது தேவை.

நாலு முன்னறைகளைச் சேர்த்தால் 14.64-க்கு 3.05, கிட்டத்தட்ட 44.7 சதுர மீட்டர். பிள்ளைக்கு 1.8 சதுர மீட்டர் என்றால் 24 பேர். ஜன்னல் அளவுக்கு வரும்போது 1984-ஆம் ஆண்டு யு.பி.பி.எல். எனப்படும் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகளில் விதி 39-ஐத் திறக்க வேண்டும். வீட்டறைக்குத் தரைப்பரப்பில் 10 விழுக்காடு ஜன்னல், 5 விழுக்காடு காற்றுப் புகும் திறப்பு. இந்த எண்ணைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பள்ளியில் பாடம் நடத்தும் அறைக்கு அதே விதி 20 விழுக்காடு ஜன்னலும் 10 விழுக்காடு திறப்பும் கேட்கிறது. டியூஷன் அறைக்கும் அந்த உயர்ந்த அளவையே வைத்துக்கொள்வது நல்லது. 44.7-க்கு 8.9 சதுர மீட்டர் ஜன்னல், 4.5 திறப்பு. 1.2 மீட்டர் உயர நாக்கோ ஜன்னல் (சாய்த்துத் திறக்கும் கண்ணாடிப் பட்டைகள் கொண்டது) போட்டால் ஏழரை மீட்டர் நீளம், அதாவது முன்சுவரில் பாதி. நாக்கோ கண்ணாடி ஏறக்குறைய முழுதும் திறக்கும் என்பதால் திறப்புக் கணக்கும் அதிலேயே முடிந்துவிடும். ஆனால் அஞ்சடியை 2.7 ஆக அகலமாக்கிய பிறகு அந்த ஜன்னலுக்கு வரும் வெளிச்சம் குறைகிறது. கருத்தும் விதியும் மோதும் இடம் இதுதான். பின்சுவரிலும் மேல்மட்டத்தில் ஒரு வரிசைத் திறப்பு வைக்கலாம், அல்லது அஞ்சடிக் கூரையில் அறையின் சுவரை ஒட்டி ஒரு தெளிவான ஷீட் பட்டை விடலாம். இரண்டாவதில் அந்தச் சுவர் ஓரம் நண்பகலில் சூடாகும். முதலாவதுதான் காற்றுக்கும் உதவும்.

நடுச்சுவர்களை எடுப்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. பல லயங்களில் கைமரங்களைத் தாங்கும் குறுக்குமரங்கள் நேராக நடுச்சுவர்மேல் உட்கார்ந்திருக்கும். மவுஸில் மூன்று சுவரை அழித்தால் கணினியில் கூரை அந்தரத்தில் நிற்கும், கட்டடத்தில் நிற்காது. அளவெடுக்கும்போதே சுவரின் உச்சி கூரையைத் தொடுகிறதா, இல்லை தலைக்குமேல் நின்றுவிடுகிறதா என்று பார்த்துக் குறித்திருக்க வேண்டும். தாங்குகிற சுவர் என்றால் இரு முனையிலும் 450 மி.மீ. சுவரைத் தூண்போல் விட்டு, நடுவே உத்தரத்தைப் போல்ட் போட்டு நிறுத்துங்கள். அந்த மிச்சத் துண்டுகள் புத்தக அலமாரிக்கு இடம் கொடுக்கும், பழைய கதவுக்கணக்கும் அறைக்குள் தெரியும்.

சமையல் கொட்டகைக்குச் சட்டம் அதிகம் தேவையில்லை, கண் தேவை. விருந்து அண்டா ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டம், கரண்டி பிடிப்பவர் சுற்றிவர ஒவ்வொரு அடுப்புக்கும் நடுவே 1.2 மீட்டர். மூன்று அடுப்புக்கு 7.8 மீட்டர் நீளம், இரு முனையும் சேர்த்து. விறகுப் புகை போக முகட்டில் நீளவாக்கில் திறப்பு வேண்டும், அதன்மேல் மழை புகாதபடி ஒரு சிறு கூரை. பழைய தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகைபோட்ட கட்டடம் இன்னும் நின்றால் போய்ப் பாருங்கள். காற்று கீழே நுழைந்து மேலே வெளியேறும் வழி அங்கே ஏற்கனவே கட்டப்பட்டிருக்கிறது.

வரைபடமும் மாடலும்

வெட்டுத்தோற்றத்தை முதலில் வரையுங்கள், பிளான் பிறகு. முன்பாதையிலிருந்து லோங்காங், அஞ்சடி, அறை, பின்கட்டு, பின் லோங்காங், செம்பனை வரிசைவரை 1:50-இல் ஒரே வெட்டு. சைட்டுக்கு 1:200, பிளானுக்கு 1:100, கூரை விளிம்பும் லோங்காங்கும் சேரும் இடத்துக்கு 1:10. வெட்டப்பட்ட சுவர் 0.5 பேனா, தெரிகிற விளிம்பு 0.25, சாமான்கள் 0.1. இணையத்தில் இறக்கிய கோட்டு சூட்டு மனிதர்களை லயத்து வாசலில் நிறுத்த வேண்டாம். தரையில் உட்கார்ந்திருப்பவர், சாரம் (லுங்கி) கட்டியவர், பள்ளிப் பை மாட்டிய பிள்ளை என்று நீங்களே நாலு உருவம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாடலுக்கு 1:50 என்றால் 29 மீட்டர் லயம் 580 மி.மீ. வரும், அடித்தளம் 700 ஆகிவிடும். பஸ்ஸில் போகிறவருக்கு அது தொல்லை. முழு லயத்தை 1:100-இலும், ஒரே ஒரு கதவை 1:20 வெட்டு மாடலாகவும் செய்வது சுலபம், பேசுவதற்கும் உதவும். 1:50-இல் அரைச்செங்கல் சுவர் 2.3 மி.மீ., எனவே 2 மி.மீ. அட்டை சரி. பலகைச் சுவருக்கு அரை மி.மீ. அட்டை போதும், 2 மி.மீ. போட்டால் பலகை வீடு கோட்டை மாதிரி கனத்துவிடும். கூரை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் அட்டை ஒரு பக்கம் மட்டும் பசை பட்டால் வளைந்துவிடும். இரு பக்கமும் தாள் ஒட்டி, இரவு முழுக்கப் புத்தகம் அடுக்கி அழுத்தி வையுங்கள். தெளிவான அக்ரிலிக்கில் சூப்பர் குளூ தொட்டால் வெள்ளைப் படலம் படரும், அதைத் துடைத்தும் எடுக்க முடியாது. அக்ரிலிக்குக்கென்று உள்ள பசையைத் தூரிகையில் விளிம்பில் ஓடவிடுங்கள். மண்ணுக்குச் சைட்டிலிருந்து எடுத்த செம்மண்ணைச் சலித்துத் தூவலாம் என்று பலர் செய்வார்கள். ஒரு வாரத்தில் பசை விட்டு மேசை முழுக்கக் கொட்டும். பழுப்பு அட்டையே மேல்.

கிரிட்டில் (மதிப்பிடும் குழுவின் முன் புராஜெக்டை விளக்கும்போது)

இடமிருந்து வலமாக: அளவெடுத்த பிளான், சாமான்களின் பிளான், கருத்து வாக்கியம், பெரிய வெட்டுத்தோற்றம், புதுப் பிளான், கூரை விளிம்பு விவரம். மாடல் வெட்டுத்தோற்றத்துக்கு நேர் கீழே. பேசத் தொடங்கும்போது தோட்டத்தின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தால் நேரம் அங்கேயே போய்விடும். வாக்கியத்தைப் படித்துவிட்டு நேரே வெட்டுத்தோற்றத்தில் விரல் வையுங்கள். குழு கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த வகைதான்: சாவி யாரிடம் இருக்கும், மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது, காலியான கதவுகளில் மறுபடி ஆள் வந்தால் படிப்பறை எங்கே போகும். கடைசிக் கேள்விக்காகத்தான் உத்தரத்தைப் போல்ட்டில் நிறுத்தியது. எந்த போல்ட்டை எந்த வரிசையில் கழற்றி எந்த இடத்தில் சுவரைத் திரும்ப எழுப்பலாம் என்று மூன்று சிறு படம் ஒரு ஏ4 தாளில் வைத்திருங்கள். குழுவில் யாரும் கேட்காவிட்டாலும், தோட்ட அலுவலகத்துக்கு வரைபடப் பிரதி கொடுக்கப் போகும்போது மேனேஜர் கேட்பார். அந்தப் பிரதியில் குடும்பப் பெயர்களை எடுத்துவிட்டுக் கதவு எண்ணை மட்டும் விடுங்கள். சாமான்களின் பிளானை அதோடு சேர்க்க வேண்டாம்.